வெளியூர் போயிட்டு வந்தவங்க தோல்ல அரிப்பு, புண்ணு, கட்டி: கிரீம் எழுதறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம்னு நம்ம பக்கம் கிளினிக் வச்சிருக்கற எல்லாருக்கும் இது தெரியும், வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கறவங்கள்ல ஒருத்தர் ரெண்டு பேராவது வெளிநாடு போயிட்டு வந்தவங்களா இருப்பாங்க. சவுதி, குவைத், ஓமன்ல வேலை பாத்துட்டு லீவுல வந்தவங்க, தோல் ஃபேக்டரி வேலையா ஆப்பிரிக்கா பக்கம் போயிட்டு வந்தவங்க, கல்யாணம் ஆன கையோட தாய்லாந்து போன ஜோடி, இதெல்லாம் இல்லாம குடும்பத்தோட பாண்டிச்சேரி, அந்தமான், திருச்செந்தூர் போயிட்டு வந்தவங்க. அதோட வேலூர் டவுன்ல காந்தி ரோடு லாட்ஜ்ல தங்கி வைத்தியம் பாக்கற வங்காளம், பீகார், ஜார்க்கண்ட் ஜனங்களும் இருக்காங்க, அவங்களும் ஒரு வகையில பயணம் வந்தவங்கதான். புதுசா ப்ராக்டீஸ் ஆரம்பிச்ச தம்பி தங்கச்சிங்களுக்காக இத எழுதறேன், ஆனா ஊருக்கு வந்ததும் உடம்புல ஏதோ வந்துடுச்சேன்னு பயப்படற யாரு வேணா படிக்கலாம், எதையும் சொந்தமா வாங்கி போட்டுக்காதீங்க, அவ்ளோதான்.

மொத வேலை டார்ச் அடிக்கறது இல்ல, உக்கார வச்சு பேசறது. எந்த நாடு, அந்த நாட்டுல டவுனா கிராமமா, எப்ப திரும்புனீங்க, தோல்ல எப்ப மொதமொதல்ல பாத்தீங்க. அப்புறம் உடம்பு எதையெல்லாம் தொட்டுச்சுன்னு கேளுங்க: வெறுங்காலோட மணல்ல நடந்தீங்களா, ஈரத்துணிய வெளிய தரையிலயோ செடி மேலயோ காயப்போட்டீங்களா, ஏரி ஆத்துல குளிச்சீங்களா, மொட்டை மாடியில தூங்குனீங்களா, ஒரே ரூம்ல எத்தனை பேரு, அவங்களுக்கும் அரிப்பு இருந்துச்சா. இதுல தேதி கணக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா ஒவ்வொரு ஒட்டுண்ணியும் ஒவ்வொரு நேரம் எடுத்துக்கும். கடற்கரை மணல் புழு சில நாள்ல இருந்து சில வாரத்துக்குள்ள தெரிஞ்சிடும், ஆப்பிரிக்க ஈ புழு ஒண்ணு ரெண்டு வாரம், சிரங்கு மொத தடவை வர்றவங்களுக்கு 4ல இருந்து 6 வாரம், மணல் ஈ கடிச்சு வர்ற புண்ணு வாரக்கணக்குல இருந்து மாசக்கணக்கு வரைக்கும், ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்னு ஒரு புழு இருக்கு அது முப்பது நாப்பது வருஷம் கழிச்சு கூட தெரியலாம். "ஃப்ளைட்ல வரும்போதே இருந்துச்சு"ன்னு ஒருத்தர் சொல்றதுக்கும் "வந்து மூணு மாசம் ஆச்சு, இப்பதான்"ன்னு சொல்றதுக்கும் நடுவுல லிஸ்ட்டே மாறிடுது.

இப்ப எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயத்த சொல்லிடறேன். நம்ம கிட்ட வர்றதுக்கு முன்னாடி பாதி பேரு மெடிக்கல் ஷாப்ல ஒரு ட்யூப் வாங்கி தடவிட்டுதான் வர்றாங்க, அதுக்குள்ள க்ளோபீட்டசாலோ பீட்டாமெத்தசோனோ இருக்கும், ரெண்டும் ஸ்டீராய்டு, கூட ஒரு ஆன்டிபயாட்டிக், ஒரு பூஞ்சை மருந்து, எல்லாம் ஒரே ட்யூப்ல. ஸ்டீராய்டு கிரீம்கள சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு 2018லயே சட்டம் போட்டாச்சு, ஆனாலும் கேட்டா கிடைக்குது. தடவுன உடனே சிவப்பு அடங்கிடும், அரிப்பு குறைஞ்சிடும், ஆளுக்கு சந்தோஷம், ஆனா நமக்கு எத பாத்து நோய கண்டுபிடிக்கணுமோ அந்த உருவமே அழிஞ்சிடும். படையா இருந்தா ஓரம் காணாம போய் பரவிடும், சிரங்கா இருந்தா பூச்சி ஜாஸ்தியாயிடும். ட்யூப் தடவிட்டு வந்தவங்கள திட்டாதீங்க, அந்த ட்யூப்ப வீட்ல இருந்து எடுத்துட்டு வர சொல்லுங்க, நிறுத்த சொல்லுங்க, அவசரம் இல்லாத கேஸா இருந்தா சில நாள் கழிச்சு மறுபடி பாருங்க, உருவம் திரும்ப வரும்.

சரி, இப்ப தோலுக்கு வருவோம். வெளியூர் போயிட்டு வந்தவங்க கிட்ட நான் அதிகமா கேக்கற பேச்சு இதுதான்: "டாக்டரம்மா, உள்ள இன்னாவோ ஊர்துமா, ராத்திரியில தூக்கமே இல்ல." பாதத்துலயோ, விரல் சந்துலயோ, மணல்ல உக்காந்தவங்களுக்கு பின்பக்கத்துலயோ, வளைஞ்சு நெளிஞ்சு போற ஒரு மெல்லிசு கோடு, சுமாரா 3 மில்லிமீட்டர் அகலம், கொஞ்சம் மேடா சிவப்பா இருக்கும், அரிப்பு உயிர் போகும். இது நாய் பூனையோட கொக்கிப்புழு. அதுங்க மணல்ல மலம் போகும், முட்டை பொரிஞ்சு வர்ற குட்டிப்புழு நம்ம தோலுக்குள்ள நுழைஞ்சிடும், ஆனா மனுஷ தோலோட அடி அடுக்க தாண்டி உள்ள போக அதால முடியாது, அதனால மேலாகவே வழி தெரியாம சுத்திகிட்டு இருக்கும். கரீபியன், பிரேசில், தாய்லாந்து, இலங்கைன்னு சூடான கடற்கரை எல்லா இடத்துலயும் இருக்கு, நம்ம இந்திய கடற்கரையிலயும் இருக்கு, அதனால பாஸ்போர்ட் இல்லன்னு இத விட்டுடாதீங்க. கோவில் கடற்கரையில வேண்டுதலுக்காக வெறுங்கால்ல நடந்தவங்க, மணல்ல படுத்து தூங்குனவங்க, நாள் முழுக்க மண்ணுல விளையாடுன குழந்தைங்க எல்லாரையும் கேளுங்க.

இதுக்கு ரத்த டெஸ்ட் தேவையே இல்ல, பாத்தே சொல்லலாம். சந்தேகமா இருந்தா ஒண்ணு பண்ணுங்க, ஒரு பால் பாயிண்ட் பேனா எடுத்து கோடு முடியற நுனிய சுத்தி வட்டம் போட்டு தேதி எழுதி போட்டோ எடுத்துக்குங்க, மறுநாள் வர சொல்லுங்க. வட்டத்த தாண்டி சில மில்லிமீட்டர்ல இருந்து ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் வரைக்கும் நகர்ந்திருந்தா வேற பேச்சே இல்ல. நகராத கோடு, ஒரே ராத்திரியில வந்தது, அரிப்ப விட எரிச்சல் அதிகம், மழைக்காலம், ட்யூப்லைட்டுக்கு கீழ தூங்குனவங்க, இப்படி இருந்தா அது பூச்சிய தோல் மேல நசுக்குனதால வர்ற கொப்புளம், அது வேற வைத்தியம். நுனியில புழு இருக்கும்னு நெனச்சு கீறி எடுக்கவோ பயாப்ஸி பண்ணவோ போகாதீங்க, புழு தெரியற கோட்டுக்கு முன்னாடி நல்ல தோல்ல இருக்கும், கத்தி வச்சா அது மாட்டாது, தழும்புதான் மிச்சம். ஐஸ் வச்சு உறைய வைக்கறதும் அதே கதைதான்.

மருந்து சுலபம். ஐவர்மெக்டின் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் ஒரே வேளை, 60 கிலோ ஆளுக்கு 12 மி.கி., பெரும்பாலும் அதோட நின்னுடும், நிக்கலன்னா இன்னொரு டோஸ். ஐவர்மெக்டின் குடுக்க முடியாதவங்களுக்கு அல்பெண்டசால் 400 மி.கி. தினமும் 3 நாள், கோடு நிறைய இருந்தா 7 நாள் வரைக்கும், எண்ணெய் நெய் சேந்த சாப்பாட்டோட குடுத்தா மருந்து நல்லா உடம்புல சேரும். அரிப்பு சில நாள்ல அடங்கும், கோடு மறைய இன்னும் கொஞ்ச நாள் ஆகும், இத முன்னாடியே சொல்லிடுங்க, இல்லன்னா மூணாவது நாளே இன்னொரு டாக்டர்கிட்ட போய் நிப்பாங்க. மருந்தே குடுக்கலன்னாலும் வாரங்கள்லயோ சில மாசத்துலயோ புழு தானா செத்துடும், ஆனா அவ்ளோ நாள் அரிப்போட ஒருத்தர விட வேண்டிய அவசியம் இல்ல, சொறிஞ்சு சீழ் வச்சா அது தனி தொல்லை.

ஆனா கோடு ஒரு நாளைக்கு ஒரு சென்டிமீட்டர் இல்ல, ஒரு மணி நேரத்துக்கு 5ல இருந்து 10 சென்டிமீட்டர் ஓடுது, இடுப்பு, தொடை, ஆசனவாய் சுத்தி வருது, சில மணி நேரத்துல மறைஞ்சு வேற நாள் வேற இடத்துல வருதுன்னு சொன்னா நிமிந்து உக்காருங்க. அது ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ். பேஷண்ட் இத "அலர்ஜி"ன்னுதான் சொல்லுவார், நாம பாக்கறப்ப ஒண்ணுமே இருக்காது, வீட்ல வரும்போது போட்டோ எடுக்க சொல்லுங்க. இந்தப் புழு குடல்ல இருந்துகிட்டே அதே ஆளுக்குள்ள திரும்ப திரும்ப தொத்திக்கும், அதனாலதான் எத்தனையோ வருஷம் இருக்குது. சாதாரணமா பெருசா தொந்தரவு பண்ணாது. இவருக்கு போய் ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ தொடர்ந்து போட்டா புழு உடம்பு பூரா பெருகி, நுரையீரல், ரத்தம், மூளை வரைக்கும் போய் உயிரையே எடுத்துடும். "அலர்ஜிக்கு ஒரு டெக்ஸா ஊசி"ங்கற பழக்கத்துக்கு நான் இவ்ளோ பயப்படறதுக்கு இதுவே காரணம். ரத்தத்துல ஈசினோஃபில்ங்கற வெள்ளை அணுவோட எண்ணிக்கை பாருங்க, ஏறியிருந்தா சந்தேகம் கூடும், ஏறலன்னா இல்லன்னு அர்த்தம் இல்ல. மலம் ஒரு தடவை பாத்து இல்லன்னு ரிப்போர்ட் வந்தா நம்பாதீங்க, திரும்ப திரும்ப பாக்கணும், முடிஞ்சா ஆன்டிபாடி டெஸ்ட் அனுப்புங்க. வைத்தியம் அதே ஐவர்மெக்டின், அதே அளவு, ரெண்டு நாள். இது வெளிநாட்டு நோய் மட்டும் இல்ல, நம்ம மண்ணுலயும் இருக்கு, செருப்பு இல்லாம கழனியில வேலை பாத்த யாருக்கும் வரலாம்.

அடுத்தது ஆறாத புண்ணு. வளைகுடாவுல, சிரியா, ஈராக், ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்துல இருந்துட்டு வந்தவர், மொகத்துலயோ கையிலயோ காலுலயோ, அதாவது துணி மூடாத இடத்துல, மொதல்ல ஒரு சின்ன பரு, அது மெதுவா பெருசாகி உடைஞ்சு புண்ணாச்சு, ரெண்டு மூணு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக் சாப்ட்டாச்சு, ஆறல, ஆனா வலிக்கவும் இல்ல. ஓரம் சுத்தி மேடா, நடுவுல பள்ளமா, மெதுவடைய தட்டி வச்ச மாதிரி இருக்கும், மேல காஞ்ச பொருக்கு. வலியில்லாத, மாசக்கணக்குல ஆறாத, மேட்டு ஓரம் உள்ள புண்ணுன்னா லீஷ்மேனியாங்கற ஒட்டுண்ணிய நெனைக்கணும். மணல் ஈ கடிச்சு வர்றது, அந்த ஈ கொசுவுல மூணுல ஒரு பங்குதான் இருக்கும், சத்தம் போடாது, பொழுது சாய்ஞ்சதுல இருந்து விடியற வரைக்கும் கடிக்கும், சாதாரண கொசுவலை ஓட்டையில நுழைஞ்சு வந்துடும், அதனால "என்னை எதுவும் கடிக்கலயே"ன்னு பேஷண்ட் சொல்றது உண்மைதான், அவருக்கு தெரிஞ்சிருக்காது. எத்தியோப்பியா மேட்டு நிலத்துலயும் இது இருக்கு, தோல் வேலைக்கு அங்க போய் வந்தவங்கள ஞாபகம் வச்சுக்குங்க. இந்தியாவுக்குள்ள ராஜஸ்தான் பிகானேர் பக்கம், ஹிமாச்சல்ல சட்லெஜ் பள்ளத்தாக்கு, கேரளாவுல மேற்குத்தொடர்ச்சி மலை பழங்குடி கிராமங்கள்ல எல்லாம் இருக்கு.

இத நிரூபிக்க நம்ம ஜில்லாவுல ஒரு பெரிய வசதி இருக்கு. 1950கள்ல இருந்து காரிகிரியில தொழுநோய் வேலை நடந்த ஊரு இது, தோல்ல கீறி ஸ்மியர் எடுக்கத் தெரிஞ்ச லேப் ஆளுங்க இங்க கிடைப்பாங்க, அதே கை வித்தைதான் இதுக்கும். பொருக்க ஈரம் பண்ணி எடுத்துட்டு, சலைன்ல கழுவி, ஸ்பிரிட் போட்டு காய விடுங்க. புண்ணோட நடுவுல எடுக்காதீங்க, அங்க சீழும் வேற கிருமியும்தான் வரும், மேடான ஓரத்த கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இறுக்கி பிடிங்க, தோல் வெளுக்கற வரைக்கும், ரத்தம் வந்துச்சுன்னா ஸ்லைடு வீணு. 15 நம்பர் பிளேடால 5 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கீறு, பிளேட அப்படியே பக்கவாட்டுல திருப்பி கீறலோட சுவர ரெண்டு மூணு தடவை சுரண்டுங்க, வர்ற கூழ ஸ்லைடுல மெல்லிசா பரப்பி காய வச்சு மெத்தனால்ல ஃபிக்ஸ் பண்ணி ஜீம்சா சாயம். எண்ணெய் லென்ஸ்ல பெரிய செல்லுக்குள்ள முட்டை வடிவத்துல சின்ன சின்னதா, ஒவ்வொண்ணுலயும் ஒரு உருண்ட புள்ளியும் பக்கத்துல ஒரு சின்ன குச்சியும் தெரிஞ்சா அதுதான். ரெண்டு மூணு இடத்துல எடுங்க. புண்ணு பழசாக ஆக ஒட்டுண்ணி குறைஞ்சிடும், அப்ப ஸ்மியர்ல வராது, பயாப்ஸியும், ஒட்டுண்ணியோட மரபணுவ தேடற பிசிஆர் டெஸ்டும் வேணும், அதுக்கு சிஎம்சியோ வேற பெரிய ஆஸ்பத்திரியோ அனுப்பிடுங்க. பிசிஆர்ல எந்த வகைன்னு தெரியும், அது ரொம்ப முக்கியம், ஏன்னா தென் அமெரிக்கா வகை சிலது தோல் புண்ணு ஆறுன பிறகு வருஷம் கழிச்சு மூக்கு, வாய் உள்ள அரிச்சு எடுக்கும். பிரேசில், பெரு, பொலிவியா போயிட்டு வந்தவர் புண்ண நாமளே பாத்துக்கலாம்னு வச்சுக்கவே கூடாது.

வளைகுடா வகை பெரும்பாலும் தானா ஆறும், சிலது 3ல இருந்து 6 மாசத்துல, சிலது ஒரு வருஷத்துக்கு மேல. சின்ன புண்ணு, ஒண்ணு ரெண்டுதான், மொகத்துலயோ மூட்டு மேலயோ இல்ல, உடம்புல எதிர்ப்பு சக்தி நல்லா இருக்குன்னா சுத்தமா வச்சுகிட்டு காத்திருக்கறதும் வைத்தியம்தான். வேணும்னா லிக்விட் நைட்ரஜன்ல உறைய வைக்கறது, சூடு குடுக்கற கருவி, புண்ணோட ஓரத்துலயே சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேட் ஊசி வாரா வாரம் போடறது, இதெல்லாம் தோல் டாக்டர் பாத்துக்குவாங்க. மில்டெஃபோசின் மாத்திரை குடுத்தா கர்ப்பம் தரிக்கக்கூடாது, குழந்தைய பாதிக்கும், மருந்து முடிஞ்சும் சில மாசம் கருத்தடை வேணும். ஆறுனாலும் தழும்பு இருக்கும், கல்யாணம் ஆகாத பொண்ணுன்னா அம்மாக்காரி அதத்தான் மொதல்ல கேப்பாங்க, பொய் சொல்லாதீங்க.

பீகார், ஜார்க்கண்ட், வங்காளத்துல இருந்து வந்து லாட்ஜ்ல தங்கியிருக்கற ஒருத்தர் மொகத்துல வெளுத்த தேமலும் சின்ன சின்ன கட்டியுமா வந்தா, "முன்னாடி காலா அசார் ஜுரம் வந்து ஊசி போட்டீங்களா"ன்னு கேளுங்க. காலா அசாரும் லீஷ்மேனியாதான், உள் உறுப்ப தாக்கற வகை, அந்த ஜுரம் ஆறி மாசமோ வருஷமோ கழிச்சு தோல்ல வர்ற மிச்சம் அது, பாக்க தொழுநோய் போலவே இருக்கறதால ரெண்டையும் பிரிக்கணும். தேமல்ல பஞ்சு வச்சு தொட்டு பாருங்க, உணர்ச்சி இருக்கா, முழங்கை நரம்பு தடிச்சிருக்கா. உணர்ச்சி போயிருந்தா தொழுநோய் பக்கம் போங்க. உணர்ச்சி இருந்தா மட்டும் தொழுநோய் இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க, ஸ்மியர் எடுத்துதான் சொல்லணும்.

கட்டியா வந்தா? ஆப்பிரிக்கா போயிட்டு வந்து ஒண்ணு ரெண்டு வாரத்துல இடுப்புலயும் முதுகுலயும் நாலஞ்சு கொப்புளம், ஒவ்வொண்ணு நடுவுலயும் ஒரு ஓட்டை, உள்ள ஊசி குத்தற உணர்ச்சி, இது டும்பு ஈயோட புழு. அந்த ஈ ஈரத்துணியிலயும் மணல்லயும் முட்டை போடும், துணிய போட்டதும் குட்டிப்புழு தோலுக்குள்ள போயிடும். ஓட்டை மேல வாசலின் கெட்டியா அப்பி மூடி வைங்க, மூச்சு முட்டி புழு மேல வரும், அப்ப ரெண்டு பக்கமும் மெதுவா அழுத்தி ஃபோர்செப்ஸால முழுசா எடுத்துடுங்க, பிஞ்சு உள்ள நின்னா சீழ் வைக்கும். மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவுல வர்ற பாட் ஈ புழு வேற ரகம், உடம்புல வரிசையா முள்ளு இருக்கும், அழுத்துனா வராது, அடியில லிக்னோகெய்ன் (மரத்துப்போற ஊசி) போட்டு சின்னதா கீறி எடுக்கணும். ரெண்டுக்கும் ஆன்டிபயாட்டிக் கட்டாயம் இல்ல, டெட்டனஸ் ஊசி போட்டிருக்கான்னு மட்டும் பாருங்க.

கால் விரல் நகத்தோரம், குதிகால்ல வெள்ளையா ஒரு முண்டு, நடுவுல ஒரு கருப்பு புள்ளி, நடந்தா வலி, ஆப்பிரிக்காவோ தென் அமெரிக்காவோ போயிட்டு வந்தவர்னா அது மணல் தெள்ளுப்பூச்சி, பெண் பூச்சி தோலுக்குள்ள புகுந்து முட்டையோட ஊதியிருக்கும். ஆணின்னு நெனச்சு ஆசிட் பிளாஸ்டர் போட்டு வந்திருப்பாங்க. சுத்தமான ஊசியால ஓட்டைய கொஞ்சம் பெருசாக்கி முழுசா எடுங்க, இங்கயும் டெட்டனஸ்.

இதையெல்லாம் விட எண்ணிக்கையில அதிகமா வர்றது சிரங்குதான், ஒரே ரூம்ல பல பேரு தங்கற லேபர் கேம்ப்ல இருந்து வர்றவங்க கிட்ட முக்கியமா. விரல் சந்து, மணிக்கட்டு, அக்குள், தொப்புள், ஆண்களுக்கு உறுப்பு மேல, ராத்திரி அரிப்பு. பெர்மெத்ரின் 5% கிரீம், பெரிய ஆளுக்கு 30 கிராம் ட்யூப் முழுசா, கழுத்துல இருந்து உள்ளங்கால் வரைக்கும் நகத்துக்கு அடியிலயும் விடாம, ராத்திரி தடவி காலையில குளியல், ஒரு வாரம் கழிச்சு மறுபடி. அரிப்பு இருக்கற இடத்துல மட்டும் தடவறதுதான் ஊர்ல நடக்கற தப்பு. வீட்ல அரிப்பு இல்லாதவங்க உட்பட எல்லாரும் ஒரே ராத்திரி தடவணும், பாய் வீட்டு கூட்டுக்குடும்பமா இருந்தாலும் சரி, பாட்டிய விட்டுடக்கூடாது. துணி, போர்வை சுடுதண்ணியில அலசி வெயில்ல போடுங்க, துவைக்க முடியாதத பிளாஸ்டிக் பையில கட்டி ஒரு வாரம் வச்சுடுங்க, பூச்சி ஆள விட்டு வெளிய ரெண்டு மூணு நாளுக்கு மேல தாங்காது. வைத்தியம் சரியா நடந்தாலும் அரிப்பு ரெண்டு வாரம், சில பேருக்கு நாலு வாரம் கூட இருக்கும், அதுக்காக தினமும் பெர்மெத்ரின் தடவ வேண்டாம்.

ஐவர்மெக்டின் இவ்ளோ தடவை சொல்லிட்டேன், அதனால எச்சரிக்கையும் சொல்லணும். கர்ப்பிணிக்கு வேண்டாம், 15 கிலோவுக்கு கீழ இருக்கற குழந்தைக்கு வேண்டாம். கேமரூன், காங்கோ, காபோன் பக்கம் காட்டு ஊர்ல தங்கியிருந்தவர், கையில கால்ல வந்து வந்து மறையற வீக்கம், கண்ணுல புழு ஓடுனதுன்னு சொன்னா அது லோவா புழு, ரத்தத்துல அது ஜாஸ்தியா இருக்கும்போது ஐவர்மெக்டினோ, யானைக்காலுக்கு குடுக்கற டிஇசி மாத்திரையோ குடுத்தா மூளை பாதிக்கும். பகல் 10 மணிக்கு மேல 2 மணிக்குள்ள ரத்தம் எடுத்து பாத்த பிறகுதான் எதுவும். யானைக்கால் டெஸ்டுக்கு ராத்திரி ரத்தம் எடுத்து பழகுன லேப்ல இத தெளிவா சொல்லி அனுப்புங்க. விக்டோரியா ஏரி, மலாவி ஏரியில குளிச்சவங்களுக்கு அன்னிக்கே அரிப்பு வந்து போய், சில வாரம் கழிச்சு ஜுரம், இருமல், ஈசினோஃபில் ஏத்தம்னா அது நத்தை வழியா வர்ற ரத்தப்புழு, பெரிய ஆஸ்பத்திரி கேஸ்.

சிஎம்சிக்கோ அடுக்கம்பாறை கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கோ அனுப்பும்போது சும்மா "ஆறாத புண்ணு"ன்னு ஒரு வரி எழுதி அனுப்பாதீங்க. எந்த நாடு, எந்த ஊரு, போன தேதி, வந்த தேதி, புண்ணு தெரிஞ்ச தேதி, இதுவரைக்கும் குடுத்த மருந்து, அந்த ட்யூப்புல என்னென்ன இருந்துச்சு, ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போட்டாங்களா, சர்க்கரை இருக்கா, கர்ப்பமா, இவ்ளோத்தையும் எழுதி, பேனா வட்டம் போட்ட போட்டோவையும் பேஷண்ட் போன்லயே ஏத்தி விடுங்க, ஸ்மியர் ஸ்லைடு இருந்தா டிஷ்யூ பேப்பர்ல சுத்தி டப்பாவுல போட்டு கூடவே குடுத்து அனுப்புங்க.